பெர்மிட்டும் மொழியும்: ஊரிலிருந்து வரும் தொழிலாளரும் நாமும்

(பொன்விழாக் கருத்தரங்கில் சங்க நலக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



தலைவர் அவர்களே, 1974-இல் நம் சங்கத்தைத் தொடங்கி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, உணவக முதலாளிமார்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே,

பொன்விழா மேடையில் சாதனைகளைப் பேசுவது வழக்கம். அதைச் செயலாளர் அவர்கள் காலையிலேயே நிறைவாகச் சொல்லிவிட்டார். நலக்குழுவுக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் நாங்கள் வேறொரு விஷயம் பேச வந்திருக்கிறோம். இந்த மண்டபத்தின் பின்கட்டில் இப்போது பிரியாணி தேக்சாவை இறக்கிக்கொண்டிருக்கிறார்களே, அந்தப் பண்டாரியும் அவருடைய கையாட்களும், அவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அவர்களையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். வேலை இருக்கிறது என்று வரவில்லை.

பினாங்குக்கு நம்மவர்கள் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு குறிப்பை மட்டும் நினைவூட்ட வேண்டும். பிரான்சிஸ் லைட் 1794-இல் எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் சூலியாக்கள் ஏறக்குறைய 1,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார். அதோடு, ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வருகிறார்கள், வியாபாரமும் கூலி வேலையும் செய்து கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்துவிடுகிறார்கள் என்றும் எழுதுகிறார். இது நடந்து 230 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சூலியா தெருவில் இன்று எந்தக் கடையின் பின்பக்கம் போய்ப் பார்த்தாலும் அதே வரிசைதான் நிற்கிறது. அன்று வந்தவருக்குப் பெர்மிட் இல்லை. இன்று வருபவருக்கு இருக்கிறது.

அன்று வந்தவருக்கு மலாய் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தெரிந்தவரைப் பிடித்துக்கொண்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-இல் எழும்பியபோது நம் மக்களுக்குத் தலைவராக இருந்த காதர் மொஹிதீன் அவர்களின் பதவியை எண்ணிப் பாருங்கள். கப்பித்தான் என்றால் அதிகாரம் மட்டும் இல்லை. வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் தன் ஆட்களுக்கு வாயாக நிற்பதும் அந்தப் பதவியின் வேலைதான். பிறகு வந்த காலங்களில் அந்த வேலையைக் கொங்சி வீட்டுப் பெரியவர் செய்தார், கடை முதலாளி செய்தார், நம் சங்கமும் செய்தது.

மொழி பிடிபட்டது கடையில்தான். நமக்கு ஒரு வசதியும் இருந்தது. கடை, கப்பல், பெட்டி, கட்டில், முதல் எல்லாம் ‘கெடாய்’, ‘கப்பால்’, ‘பெத்தி’, ‘காத்தில்’, ‘மோடால்’ என்று மலாயில் ஏற்கெனவே குடியேறியிருந்தன. சபர், துனியா, வக்த்து போன்ற அரபுச் சொற்கள் இரு பக்கமும் பொது. அரபுத்தமிழ் வாசித்தவருக்கு ஜாவி எழுத்தைக் கண்டு பயம் இல்லை. மலாய் உரைநடைக்குத் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவே தமிழும் அரபும் கலந்த வம்சத்தில் மலாக்காவில் பிறந்தவர்தானே. அந்தக் காலத்தில் மலாக்கா வணிகர் கணக்கு வழக்கைத் தமிழில் வைத்ததால் அவரைத் தகப்பனார் தமிழ் படிக்க அனுப்பினார். அப்படி ஒரு காலமும் இருந்தது.

காகிதத்தின் காலம் 1953-இல் வந்தது. அந்த ஆண்டு அமலுக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், நினைத்தவர் ரஜுலாவில் ஏறி நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கும் வழியை அடைத்தது. நாட்டுக்குத் தேவையான தொழில் தெரிந்தவர், இங்கிருப்பவரின் மனைவி மக்கள் என்று வகை பிரித்தார்கள். அடுத்து 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றார்கள். இருபது முப்பது ஆண்டு இங்கே உழைத்த சிவப்பு ஐசிக்காரர்கள் ஒரே நாளில் அந்நியராகிப்போனார்கள். குடியுரிமை கேட்டால் மலாய் தெரிய வேண்டும். குழம்புக் கரண்டி பிடித்துத் தழும்பேறிய கையோடு எத்தனை பெரியவர்கள் அதிகாரி முன் நின்று மலாயில் பதில் சொல்லித் தடுமாறினார்கள் என்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் இன்னும் மறக்கவில்லை. நம் சங்கம் செய்த முதல் வேலையே படிவம் நிரப்பிக் கொடுத்ததும் கூடவே போய் நின்று பேசியதும்தான். வெறும் ஒரு மேசையும் டைப்ரைட்டரும் வைத்துத் தொடங்கியதாகச் சொல்வார்கள்.

இப்போது வருகிற தம்பிமாரின் நிலைக்கு வருவோம்.

உணவக வேலைக்கு ஊரிலிருந்து வருபவருக்குக் கிடைப்பது தற்காலிக வேலைப் பெர்மிட், நாம் பி.எல்.கே.எஸ். என்கிறோமே அதுதான். வயது 18-க்கு மேல் 45-க்குள் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மனைவி மக்களை அழைத்துவர முடியாது, இங்கே திருமணமும் செய்ய முடியாது. பெர்மிட்டில் எந்த முதலாளி பெயர் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் வேலை. தீபகற்பத்தில் உணவகத் தொழிலாளிக்கு லெவி 2024-இல் ஆண்டுக்கு 1,850 ரிங்கிட்டாக இருந்தது. 2018 முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

தொழில் தெரிந்தவர் என்ற பெயரோடு வருவதற்கு வேறொரு பாஸ் இருக்கிறது, எம்ப்ளாய்மென்ட் பாஸ். அதன் கடைசிப் பிரிவுக்கே 2024-இல் மாதச் சம்பளம் குறைந்தது 3,000 ரிங்கிட் காட்ட வேண்டியிருந்தது. நம் பரோட்டா மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மாவைப் பிசைந்து உருண்டை பிடித்து எண்ணெயில் ஊற வைத்து, வீசி விரித்துக் கல்லில் போடுகிறாரே, அது ஆறு மாதத்தில் வருகிற கைத்திறன் இல்லை. நாற்பது ஐம்பது பேருக்கான மீன் தலைக் கறிக்கு மசாலாவைக் கண்ணளவில் போடுகிற பண்டாரிக்குச் சான்றிதழ் எங்கே இருக்கிறது? சட்டம் திறமையைச் சம்பளத்தாலும் சான்றிதழாலும் அளக்கிறது. ஆகவே காகிதத்தில் அவர் சாதாரணத் தொழிலாளி. ஆனால் அவர் ஊருக்குப் போய்விட்டால் கடையை மூட வேண்டியிருக்கிறது. அவர் திறமையாளரா இல்லையா என்பதை அந்த நாளில் முதலாளியிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

மொழி விஷயம் இங்கேதான் வருகிறது. இந்தப் பெர்மிட்டுக்கு மலாய்த் தேர்வு கிடையாது. அதனால் சுலபம் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஏஜெண்டும் அதையே சொல்லி ஆள் பிடிக்கிறார். ஜப்பானைப் பாருங்கள். 2019-இல் அவர்கள் கொண்டுவந்த திறன் தொழிலாளர் விசாவில் உணவக வேலையும் உண்டு. அதற்கு ஜப்பானிய மொழியில் அடிப்படைத் தேர்வு எழுதித் தேற வேண்டும். கஷ்டம்தான். ஆனால் தேறி உள்ளே போனவர், அதே தொழிலில் ஒரு முதலாளியை விட்டு இன்னொருவரிடம் மாறலாம். இங்கே மொழி கேட்பதில்லை, மாறவும் விடுவதில்லை. மொழி தெரியாமல் ஒரே பெயரில் கட்டுப்பட்டு நிற்பவருக்கு வாயாக இருப்பவர் யார்? அந்த முதலாளிதான். அவர் மீதே புகார் என்றால் என்ன செய்வது?

கடை மலாய் எல்லோருக்கும் மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது. ‘குவா பஞ்சிர்’, ‘தெலூர் மாத்தா’, ‘கூராங் மானிஸ்’, ‘புங்குஸ்’ என்று தண்ணி கலக்குகிற தம்பி கூப்பாடு போடுவதைக் கேட்டால் இங்கே பிறந்தவர் என்று நினைப்பீர்கள். அந்த மலாய் மேசைக்கும் அடுப்புக்கும் நடுவில் மட்டும் ஓடும். கிளினிக்கில், போலீஸ் மறியலில், தொழிலாளர் அலுவலகத்தில் வேறு மலாய் பேசுகிறார்கள்.

எங்களிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறோம். ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி, நல்ல பரோட்டா மாஸ்டர். கடை கைமாறியது. புது இடத்தில் பெர்மிட் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். இடையில் நின்றவர் மலாயில் “பெர்மிட் சுடா மாத்தி” என்றிருக்கிறார். ‘மாத்தி’ என்றால் மலாயில் செத்துப்போயிற்று, அதாவது காலாவதி. நம் தம்பியின் காதில் அது தமிழாக விழுந்தது. பெர்மிட்டை மாத்திவிட்டார்கள், புது முதலாளி பெயருக்கு மாறிவிட்டது என்று மனநிறைவோடு தலையாட்டிவிட்டு வந்தார். நான்கு மாதம் வேலை பார்த்தார், ஊருக்குப் பணமும் அனுப்பினார். ஒரு நாள் இரவு சோதனையில் பிடிபட்டபோதுதான் செத்த பெர்மிட்டோடு இருந்தது தெரிந்தது. எங்களுக்குத் தகவல் வந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. தடுப்புக் காவலில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். இதைக் கேட்டு முதலில் சிலர் சிரித்தார்கள். நாங்களும் ஒரு நிமிடம் சிரித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்தது எங்கள் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு தம்பிக்குச் சம்பளப் பாக்கி. ஓர் அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மொழிபெயர்க்க நலக்குழுவை அழைத்தார்கள். முதலாளி நமக்கு வேண்டியவர், நன்கொடை தருபவர். அந்தத் தம்பி தமிழில் சொன்னது: ஐந்து மாதமாகப் பாதிச் சம்பளம், கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார். நாங்கள் மலாயில் சொன்னது: சம்பளம் கொஞ்சம் தாமதமாகிறது, அவருக்குச் சிரமமாக இருக்கிறது. சமாதானமாக முடியட்டும் என்ற நல்ல எண்ணம் என்று அன்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒரு பகுதிப் பணத்தோடு சமரசம் ஆனது. வெளியே வந்ததும் அந்தத் தம்பி எங்களைப் பார்த்து, “நான் சொன்னதெல்லாம் சொன்னீங்களா காக்கா?” என்று மட்டும் கேட்டார். சொன்னோம் என்றோம். அவர் நம்பினார். அதற்குப் பிறகு குழுவில் ஒரு முடிவு செய்தோம். முதலாளியைத் தெரிந்தவர் யாரும் அவருடைய தொழிலாளிக்கு மொழிபெயர்க்கப் போவதில்லை. ஜார்ஜ்டவுனில் இது எவ்வளவு கஷ்டமான விதி என்று உங்களுக்கே தெரியும். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

முதலாளிமார் தரப்பையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 2023 மார்ச் 18 முதல் புது ஆட்களுக்கான கோட்டா விண்ணப்பத்தை அரசாங்கம் நிறுத்தி வைத்தது. ஏற்கெனவே அனுமதி கிடைத்தவர்கள் 2024 மே 31-க்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அந்தக் கடைசி நாட்களில் டாக்கா விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான வங்காளதேசத் தொழிலாளர் டிக்கெட் இல்லாமல் நின்றதைப் பார்த்தோம். முடிதிருத்தும் கடை, நகைத் தொழில், ஜவுளிக் கடை மூன்றுக்கும் 2009 முதல் அடைத்துக் கிடந்த கதவு 2023-இல் 7,500 பேருக்காக ஓரளவு திறந்தது. உணவகத்துக்கு ஆள் பற்றாக்குறை என்று பிரெஸ்மா சங்கத்தார் எத்தனை முறை அமைச்சைப் பார்த்திருக்கிறார்கள்! இந்த நிலையில், லெவி கட்டி, மருத்துவப் பரிசோதனைக்குச் செலவழித்து, டிக்கெட் போட்டு அழைத்துவந்த ஆள் மூன்றாம் மாதம் வேறு கடைக்கு ஓடிப்போனால் முதலாளிக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அதனால்தான் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டுகிறோம் என்கிறார்கள்.

ஆனால் அது குற்றம். 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி இன்னொருவர் பாஸ்போர்ட்டை உரிய அதிகாரமில்லாமல் வைத்திருக்கக் கூடாது. ‘பாதுகாப்புக்காக’ என்று சொல்வதும் தொழிலாளி தானாக விரும்பிக் கொடுத்தால்தான் பொருந்தும். கேட்ட நிமிடம் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். நாங்கள் பார்த்தவரையில், ஓடிப்போனவர்களில் பெரும்பாலோர் கேட்கத் தெரியாதவர்கள். லீவு கேட்கத் தெரியவில்லை, கணக்குக் கேட்கத் தெரியவில்லை. வாய் திறக்க முடியாதவருக்குக் கால் மட்டும்தான் மிச்சம். பாஸ்போர்ட்டைப் பூட்டிய கடைகளிலிருந்தும் ஆட்கள் ஓடத்தான் செய்கிறார்கள். ஓடியவர் கையில் காகிதம் இல்லை என்பதுதான் பூட்டியதால் வந்த ஒரே பலன்.

ஒப்பந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. அது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. தம்பி கையெழுத்துப் போடுகிறார். 2024-இல் அதில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட் என்று இருந்தது. வாரத்துக்கு 45 மணி நேரம், ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, எல்லாம் சட்டப்படி சரியாக எழுதியிருக்கும். நம் கடைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்பது ஊரறிந்த விஷயம். தாளில் இருப்பது வேறு, நடப்பது வேறு என்பது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் தாளில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. கூலி பற்றிய ஹதீஸை இந்தச் சபையில் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எல்லோருக்கும் மனப்பாடம்.

ஊரில் உறவினரை அழைக்க நினைப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். எங்களிடம் வந்தவர்களில் இரண்டு லட்சம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மனைவியின் நகை, தங்கையின் சீருக்கு வைத்த பணம். குறைந்தபட்சச் சம்பளத்தை அப்படியே, ஒரு வேளை தேத்தண்ணி கூடக் குடிக்காமல், ஊருக்கு அனுப்பினாலும் அந்தக் கடன் அடையப் பல மாதம் ஆகும். கடனோடு வருகிறவர் எதையும் கேட்கமாட்டார். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற வகைப் பாஸ்போர்ட் கிடைக்கும். மலேசியாவுக்கு வேலைக்கு வர அவர் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். இது அலைச்சல்தான். ஆனால் அந்த வழியில் வருபவருக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே சென்னையில் நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வந்து போகலாம் என்று ஆனதிலிருந்து ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது: “சும்மா டூரிஸ்டாக வந்துவிடு, உள்ளே வந்ததும் பெர்மிட் போட்டுக்கொள்ளலாம்.” முடியாது. வேலைக்கான அனுமதியும் அதற்குரிய விசாவும் ஊரில் இருக்கும்போதே கிடைத்திருக்க வேண்டும். சுற்றுலாவுக்கு வந்தவர் அடுப்படியில் நின்றால் அவருக்கும் சிறை உண்டு, வேலை கொடுத்தவருக்கும் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. நம் வீட்டு மச்சான்தானே, நம் மாமு மகன்தானே என்று சட்டம் பார்க்காது. எங்கள் மேசைக்கு இந்த ஆண்டு வந்த விசாரிப்புகளில் அதிகம் இதுதான். அழைப்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் அழைக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

நலக்குழு கேட்பது பெரிய காரியம் இல்லை. சங்கத்தின் மாடி அறையில் மலாய் வகுப்பு தொடங்கியிருக்கிறோம். செவ்வாய், வியாழன் பிற்பகல் 3 மணி முதல் 4:30 வரை. மதியக் கூட்டம் அடங்கி மாலைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் உள்ள நேரம் அது. இலக்கணம் கற்றுத் தருவதில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது, சம்பளச் சீட்டை வாசிப்பது, பெர்மிட் தேதியைப் பார்ப்பது, மறியலில் நிறுத்தினால் பதில் சொல்வது. முதல் பாடத்திலேயே ‘மாத்தி’ இருக்கிறது. முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள், போன வாரம் பதினொன்று. மூன்று பேர் முதலாளிக்குத் தெரியாமல் வந்ததாகச் சொன்னார்கள். தெரிந்தே வரட்டும், அந்த ஒன்றரை மணி நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். சொல்லிக் கொடுக்க ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருவர் முன்வந்திருக்கிறார்கள். இன்னும் ஒருவர் வேண்டும்.

வகுப்பறைச் சுவரோரம் பூட்டுள்ள சிறு பெட்டிகள் இருபது வாங்கி வைத்திருக்கிறோம். பாஸ்போர்ட்டைக் கொங்சி வீட்டில் வைக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்காக. சாவி பாஸ்போர்ட்டுக்கு உரியவரிடம் மட்டும் இருக்கும், சங்கத்திடம் இன்னொரு சாவி கிடையாது. இதுவரை ஆறு பெட்டிகளில்தான் பூட்டு விழுந்திருக்கிறது. பதினான்கு காலியாக இருக்கின்றன. முதலாளிமார் இன்று வீடு போனதும் தங்கள் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்து, இன்ஷா அல்லாஹ், அவரவர் பாஸ்போர்ட்டை அவரவரிடம் கொடுத்துவிட்டால், அந்தப் பதினான்கும் போதாமல் போகும். அப்போது இன்னும் இருபது வாங்கப் பொருளாளரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம். அவர் தலையாட்டியிருக்கிறார், இந்தச் சபை சாட்சி.

சாப்பாடு தயாராகிவிட்டதாகச் சைகை வருகிறது. வஸ்ஸலாம்.